பஸ்ஸா ரயிலா வழக்கில் எங்களுக்கு இன்னொரு வாய்தா வேண்டாம்

திருமங்கலம்–ஒத்தக்கடை வழித்தடத்தின் கோப்பு எந்தெந்த மேசைகளில் கிடக்கிறதோ, அந்த மேசைகளுக்குரிய டெல்லி, சென்னை, மதுரை அதிகாரிகளுக்கு,

2025 நவம்பரில், 32 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வழித்தடத்தில் ஓடவிருந்த மதுரை மெட்ரோவின் திட்ட அறிக்கை டெல்லியிலிருந்து திரும்பி வந்தது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கைப்படி நகரத்தில் 20 லட்சம் பேர் இருக்க வேண்டும், 2011 கணக்கெடுப்பின்படி மதுரையில் 15 லட்சம் பேர்தான், இப்போதுள்ள பயணிகளுக்கு விரைவுப் பஸ் தடமே பொருத்தம் என்று காரணம் சொன்னார்கள். அன்றிலிருந்து மெட்ரோவைப் பறித்துவிட்டார்கள் என்று ஒரு சாராரும், மதுரைக்குப் பஸ்ஸே போதும் என்று இன்னொரு சாராரும் அறிக்கை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். போதும் என்றவர்கள் அந்தப் பஸ் எந்தச் சாலையில் எத்தனை அடி அகலத்தில் ஓடும் என்று கோடு போட்டுக் காட்டியது என் கண்ணில் படவில்லை. பறித்துவிட்டார்கள் என்றவர்கள், மெட்ரோ வரும்வரை நான் எப்படி வேலைக்குப் போவது என்று சொன்னதும் காதில் விழவில்லை.

நான் திருநகரில் குடியிருக்கிறேன். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்டபோது எங்கள் அலுவலகமும் அதன் பின்னாலேயே ஒத்தக்கடைப் பக்கம் போனது. அன்று முதல் திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம், பெரியார் நிலையம், சிம்மக்கல், கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி, உயர் நீதிமன்றம் என்று வாரத்துக்கு ஐந்தாறு நாள் போய் வருகிறேன். நீங்கள் வரைபடத்தில் போட்டிருக்கும் கோட்டில் திருமங்கலம் பக்கத்து நுனியைத் தவிர மீதியெல்லாம் என் அன்றாடம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். போக்குவரத்துப் பொறியியல் படித்தவள் அல்ல.

எங்கள் தொழிலில் சொல்லுக்கு மதிப்பில்லை, கேஸ் கட்டுக்குள் காகிதம் இருக்க வேண்டும். அதனால் ஒரு மாதம் முழுவதும் மேசை நாட்குறிப்பில் நேரம் குறித்து வைத்தேன். நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. நடுத்தரமான ஒரு செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். திருநகர் நிறுத்தத்தில் பஸ் ஏறியது 8.05. பெரியார் நிலையத்தில் இறங்கியது 8.32. அடுத்த பஸ் கிடைத்து அது நகர்ந்தது 8.49. சிம்மக்கல் 9.06. கோரிப்பாளையம் 9.24. மாட்டுத்தாவணி 9.43. அங்கே இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருந்து நீதிமன்ற வாசலில் இறங்கும்போது 10.08. வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

இந்த நேரங்களைத் தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். திருநகரிலிருந்து பெரியார் நிலையம் வரை ஏழெட்டுக் கிலோமீட்டர்; அதற்கு 27 நிமிடம். பெரியார் நிலையத்திலிருந்து கோரிப்பாளையம் மூன்று கிலோமீட்டர் இருந்தால் அதிகம். அதற்குக் காத்திருந்த நேரம் போக 35 நிமிடம். என் வழித்தடம் ஒரே சீரான வழித்தடம் அன்று. இரண்டு பக்கமும் ஓடுகிற வாய்க்கால், நடுவில் ஒரு அடைப்பு. பஸ்ஸா ரயிலா என்று 32 கிலோமீட்டருக்கும் சேர்த்து ஒரே கேள்வி கேட்டு ஒரே பதில் வாங்கப் பார்ப்பதுதான் இந்த விவகாரத்தின் மூலப் பிழை என்று நினைக்கிறேன். மற்றதையெல்லாம் அதிலிருந்துதான் சொல்லப்போகிறேன்.

அடைப்பு எப்படி இருக்கும் என்பதை ஒரு மழைநாளில் காட்டுகிறேன். சிம்மக்கல்லில் ஒரு வேலையாக இறங்கிவிட்டு மறுபடி ஏற நின்றேன். கையில் இரண்டு கேஸ் கட்டுகள், பிளாஸ்டிக் உறையில். நிறுத்தம் என்று பலகை இருக்கும் இடத்தில் மூன்று ஷேர் ஆட்டோக்கள். அவற்றுக்கு வெளியே இருசக்கர வாகனங்களின் ஓட்டம். அதற்கும் வெளியே, நடுச்சாலையில், பஸ் நின்றது. ஓடினோம். என் முன்னால் அரசு மருத்துவமனைக்குப் போகிற ஒரு மூதாட்டி, எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்திருந்தார். முதற்படி அவர் முழங்காலுக்கு மேலே இருந்தது. உறையை முதலில் படியில் வைத்தார், பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார், ஒரு காலைத் தூக்கி வைத்தார், மறுகால் வரவில்லை. நடத்துநர் மேலிருந்து கையைப் பிடித்து இழுத்தார், நான் பின்னாலிருந்து தாங்கினேன். அந்த நேரத்தில் எக்ஸ்ரே உறை சரிந்து கீழே தண்ணீரில் விழுந்தது. என் கட்டு ஒன்றும் நனைந்தது. அன்று அந்த ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்ற நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல். பின்னால் வந்த நாலு பஸ்களும் ஒலியெழுப்பிக்கொண்டு நின்றன.

நடத்துநரைக் குறை சொல்ல மாட்டேன், ஓட்டுநரையும் சொல்ல மாட்டேன். நிறுத்தத்துக்குள் பஸ்ஸை நுழைத்தால் மறுபடி வெளியே எடுக்க யாரும் வழிவிட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் படியின் உயரத்தைக் குறைக்கவும், அந்த ஆட்டோக்களை முப்பது அடி தள்ளி நிறுத்தவும், 20 லட்சம் மக்கள்தொகை தேவையில்லை.

இப்போது உங்கள் அளவுகோலுக்கு வருகிறேன். கூட்ட நேரத்தில், கூட்டம் மிகுந்த திசையில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேரைக் கொண்டுபோக முடியும் என்பதுதான் பஸ்ஸையும் ரயிலையும் ஒப்பிடும் முதற்கணக்கு. நிமிடத்துக்கு ஒரு பஸ், ஒரு பஸ்ஸில் 70 பேர் என்றால் மணிக்கு 4,200 பேர். அரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் 8,400. மூன்று பெட்டி ரயிலில் 800 பேர் ஏறலாம் என்று வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விட்டால் மணிக்கு 9,600. காகிதத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மெட்ரோவுக்கு 2023-இல் 8,500 கோடி ரூபாய் என்றார்கள், பிறகு அது 11,300 கோடியைத் தாண்டியது. கிலோமீட்டருக்கு 350 கோடி. பஸ் தடத்துக்கு அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் டெல்லி சொன்னதில் தவறே இல்லை.

ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதைச் சிம்மக்கல் சந்திப்பில் வைத்துப் பாருங்கள். சிக்னலில் சிவப்பு விளக்கு இரண்டு நிமிடம் எரிகிறது. அதற்குள் நான்கு பஸ்கள் வந்து ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும். ஒரு பஸ் 12 மீட்டர். நான்கும் சேர்ந்து ஐம்பது மீட்டர் சாலையை அடைக்கும். பச்சை விழுந்ததும் நான்கும் அடுத்த நிறுத்தத்துக்கு ஒன்றாகப் போய்ச் சேரும். அங்கே ஒரே நேரத்தில் நான்கு பஸ் நிற்க மேடை வேண்டும். மேடை இல்லையென்றால் மூன்றாவது பஸ்ஸும் நான்காவது பஸ்ஸும் நடுச்சாலையில் ஆள் இறக்கும். அதாவது இப்போது நடப்பதுதான், புதிய வண்ணத்தில் நடக்கும். பஸ் தடத்தின் உயிர் பஸ்ஸில் இல்லை. தடுப்புக்குள் வேறு வண்டி நுழையாத தனித்தடம், பஸ்ஸின் தரைமட்டத்துக்கு உயர்த்திய மேடை, ஏறும் முன்பே டிக்கெட், பஸ் வந்தால் வழிவிடும் சிக்னல், இந்த நான்கிலும்தான் இருக்கிறது. இந்த நான்கில் ஒன்றைக் குறைத்தாலும் அது வெறும் பஸ்தான்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. டெல்லியிலேயே 2008-இல் 5.8 கிலோமீட்டருக்குப் பஸ் தடம் திறந்தார்கள். கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள், சந்திப்புகளில் நெரிசல் தீரவில்லை, 2016-இல் அதைப் பெயர்த்து எடுத்தார்கள். போபாலில் 2024-இல் பெயர்த்தார்கள். அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கியது இன்னும் ஓடுகிறது. ஹூப்ளி–தார்வாட் இரண்டு ஊர்களுக்கும் நடுவே 22 கிலோமீட்டர் தூரத்துக்கு, சாலை நடுவில் மேடை கட்டி, பஸ்ஸும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி ஓட்டுகிறார்கள். மதுரைக்குப் பஸ் தடம் என்று எழுதிய கை, இவற்றில் எந்த மாதிரி என்பதையும் எழுதியிருக்க வேண்டும். நிலைத்த மாதிரியா, பெயர்த்த மாதிரியா?

எங்கள் ஊரில் அந்தத் தடத்துக்கு இடம் எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், எங்கே இல்லை என்பதும் தெரியும். திருமங்கலத்திலிருந்து பசுமலை வரை பெரும்பாலும் இருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வரை இருக்கிறது. மேலவெளி வீதியில், வடக்குவெளி வீதியில், சிம்மக்கல்லில், யானைக்கல்லில் இல்லை. மதுரை, கோயிலைச் சுற்றி வட்டம் வட்டமாக வீதி வைத்துக் கட்டிய ஊர். அந்த வீதிகள் நாலு வரிசை பஸ்ஸும் மேடையும் வைக்க அளந்தவை அல்ல. ஆகவே உள்ள இடத்தில் மட்டும் தடம் போட்டால், நெரிசல் இல்லாத இடத்தில் பஸ்ஸுக்குத் தனித்தடம் இருக்கும், நெரிசல் உள்ள இடத்துக்கு வந்ததும் தடம் மறைந்து ஆட்டோக்களோடு கலந்துவிடும். என் நாட்குறிப்பின்படி எனக்கு அதனால் மிச்சமாவது ஐந்து நிமிடம்.

மெட்ரோவின் கதை இதற்கு நேர் எதிர். நகரத்தின் நடுவே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சுரங்கத்தில் போகும் என்றார்கள். அடைப்பு எங்கேயோ அங்கேதான் அந்தச் சுரங்கம். அதை நான் மனமார வரவேற்றேன். ஆனால் தோப்பூரைத் தாண்டி, கப்பலூரைத் தாண்டி, வரிசையாகத் தூண் நட்டுத் திருமங்கலம் வரை போவது எதற்காக? அந்தப் பக்கத்தில் சாலை ஓடுகிறது. தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், அது முழுதாக இயங்கும்போது கூட்டம் வரும் என்பார்கள். வரட்டும். அந்தக் கூட்டத்தைக் கொண்டுவர அங்கே ஏற்கெனவே ஒன்று கிடக்கிறதே, அதை ஏன் யாரும் பார்ப்பதில்லை?

ரயில் பாதையைச் சொல்கிறேன். மதுரை சந்திப்புக்கு அடுத்து திருப்பரங்குன்றம் நிலையம், அதற்கு அடுத்து திருமங்கலம் நிலையம். இரட்டைப் பாதை, மின்சாரப் பாதை. இரவில் ரயில் ஊதுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கிறது. மின்விசிறி நின்ற இரவுகளில் எந்த ரயில் என்று என் மாமியார் பெயர் சொல்லுவார். திருப்பரங்குன்றத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மதுரை சந்திப்பில் இறங்கலாம், பஸ்ஸில் அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும். சந்திப்பிலிருந்து பெரியார் நிலையம் நடக்கிற தூரம். ஆனால் நான் வேலைக்குப் போகிற நேரத்துக்கு ரயில் அமைவதில்லை. அமைந்த நாளில் அது வேறு எதற்கோ வழிவிட்டு வெளியே நிற்கிறது. நெடுந்தூர ரயில்களுக்கே சந்திப்பில் நடைமேடை போதவில்லை, அதற்குள் உள்ளூர் ரயிலா என்று ரயில்வேயில் சொல்லக்கூடும். சரியான பதிலாகவே இருக்கலாம். ஆனால் மெட்ரோ கொள்கையே, மாற்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மெட்ரோ கேட்க வேண்டும் என்கிறது. உள்ள தண்டவாளத்தில் காலையில் நான்கு, மாலையில் நான்கு ரயில் விட்டால் என்ன ஆகும் என்ற மாற்றை ஒப்பிட்டீர்களா? ஒப்பிட்டிருந்தால் அறிக்கையின் அந்தப் பக்கத்தை எங்களுக்குக் காட்டுங்கள்.

ரயில் என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. சென்னையில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் 1995-இல் வந்தது, வேளச்சேரிக்கு 2007-இல் போனது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்தே கிலோமீட்டர் இணைப்பு, அது வருடக்கணக்கில் நின்றது. அண்ணன் மகள் அங்கே குடியிருந்தபோது போய்ப் பார்த்திருக்கிறேன்: அரண்மனை போல நிலையம், உள்ளே புறாக்கள், வெளியே வந்தால் பஸ் நிறுத்தம் எங்கே என்று நாலு பேரைக் கேட்க வேண்டியிருந்தது. நிலையத்தைக் கட்டியவருக்குப் பஸ் நிறுத்தம் சம்பந்தமில்லை, பஸ் விடுபவருக்கு நிலையம் சம்பந்தமில்லை. மதுரையிலும் மாட்டுத்தாவணியில் மெட்ரோவிலிருந்து இறங்குகிறவர் பஸ் நிலையத்துக்குச் சாலையைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும் என்று கட்டிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. முதல் திட்ட அறிக்கையில் 32 கிலோமீட்டருக்கு 18 நிலையங்கள் என்றிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று. நடுவில் வீடுள்ளவர்களுக்கு அந்த ஒரு கிலோமீட்டரும் வெயிலில் நடைதான்.

அடுத்தது காசு. இதை ஆண்கள் எழுதும் எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை, ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதற்கு முன் மாதம் எண்ணூறு, தொள்ளாயிரம் எனக்குப் பஸ்ஸுக்கே போகும். இப்போது போவதில்லை. அந்தப் பணம் என் இளைய மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது. சென்னை மெட்ரோவில் குறைந்தது 10 ரூபாய், அதிகம் 50 ரூபாய். மதுரையிலும் அதுபோல வைத்து, என் தூரத்துக்கு 40 ரூபாய் என்றே கொள்வோம். போக வர 80. மாதம் 25 நாளுக்கு 2,000 ரூபாய். என் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்பதற்காக நான் அதைக் கொடுப்பேனா? உண்மையைச் சொல்கிறேன்: மழைநாளில் கொடுப்பேன், மாதக் கடைசியில் கொடுக்க மாட்டேன். என்னோடு பசுமலையில் ஏறும் வீட்டு வேலை செய்யும் பெண்கள் எந்த நாளிலும் கொடுக்க மாட்டார்கள். அவர்கள் இப்போதே கட்டணப் பஸ் இரண்டைப் போகவிட்டு, இலவசப் பஸ்ஸுக்காக நிற்கிறவர்கள். காலை எட்டு மணிக்குத் திருப்பரங்குன்றம் சாலையில் போகும் எந்த நகரப் பஸ்ஸையும் எட்டிப் பாருங்கள், பாதிக்கு மேல் நாங்கள்தான். எங்களைக் கேட்காமல் எத்தனை பேர் மெட்ரோ ஏறுவார்கள் என்று எப்படி மதிப்பிட்டீர்கள்?

பஸ் தடம் வந்தாலும் இதே பயம் இருக்கிறது. புதிய பஸ் வாங்கி, குளிர்சாதனம் வைத்து, வேறு பெயர் சூட்டி, இது சாதாரணப் பஸ் இல்லை, ஆகவே இலவசம் பொருந்தாது என்று ஒரு அரசாணை போட எவ்வளவு நேரமாகும்?

மக்கள்தொகைக் கணக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பே முடியவில்லை. பதினாலு வருடத்துக்கும் மேல் பழைய எண்ணை வைத்து நாளைய நகரத்தை அளக்கிறீர்கள். 2011-இல் 20 லட்சத்தைத் தொடாத ஆக்ராவுக்கும் போபாலுக்கும் மெட்ரோ கிடைத்திருக்கிறது என்பதை மாநில அரசு எடுத்துச் சொன்னது. அதற்கு நேரான பதில் வேண்டும். அதைவிட எனக்கு உறுத்துவது ஒன்று. கணக்கெடுப்பு, இரவில் ஊரில் தூங்குகிறவர்களை எண்ணுகிறது. மதுரையின் பகலை எண்ணுவதில்லை. கன்னியாகுமரியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வழக்குக்கு வருகிறவர்கள் விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் வந்து இறங்கி, கோர்ட்டுக்கு எந்தப் பஸ் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனைக்கு நாலைந்து மாவட்டத்து நோயாளிகள் வருகிறார்கள். மீனாட்சியைப் பார்க்க நாள் தவறாமல் வருகிறார்கள். சித்திரைத் திருவிழாவை விட்டுவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று நீங்கள் எதை ஓட்டினாலும் ஓடாது. ஆனால் சாதாரணப் புதன்கிழமையின் பகல்கூட எந்தக் கணக்கிலும் இல்லை.

கடைசியாகப் பயம் தருவது, நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஊரில் கட்டப்பட்டுக்கொண்டிருப்பவை. கோரிப்பாளையத்தில் மேம்பாலம் எழுப்பினார்கள். வேலை நடக்கும் நாளில் பஸ்ஸில் என்ஜினை நிறுத்திவிட்டு ஓட்டுநர் செய்தித்தாள் படித்ததைப் பார்த்திருக்கிறேன். மேம்பாலங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளை அதே இடத்தில் மெட்ரோத் தூணோ சுரங்கமோ பஸ் மேடையோ வர வேண்டுமென்றால் அதற்கு இடம் விட்டுத்தான் கட்டுகிறோமா? ஒவ்வொரு தூணும் நட்ட பிறகு, இங்கே இனி எதுவும் சாத்தியமில்லை என்று இன்னொரு அறிக்கை வரும். அதற்கு யார் பொறுப்பு என்றால் எல்லோரும் கையை விரிப்பார்கள்.

எங்கள் அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்யும் மனுக்களில் கடைசிப் பக்கம்தான் முக்கியம். முன்னால் எத்தனை பத்தி எழுதினாலும், என்ன பரிகாரம் வேண்டும் என்று அங்கே குறிப்பாகக் கேட்காவிட்டால் மனு நிற்காது. ஆகவே கேட்கிறேன்.

வழித்தடம் முழுவதற்கும் ஒரே விடை தேடுவதை விடுங்கள். திருமங்கலம் முதல் பழங்காநத்தம் வரை, பழங்காநத்தம் முதல் கோரிப்பாளையம் வரை, கோரிப்பாளையம் முதல் ஒத்தக்கடை வரை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தடப் பஸ், மெட்ரோ, உள்ள ரயில் பாதை ஆகியவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டு, ஆறு மாதத்துக்குள் தமிழில் வெளியிடுங்கள். எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற மதிப்பீட்டில் என்ன கட்டணம் என்று வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதும், இலவசமாகப் போகும் பெண்களை எப்படி எண்ணினீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பஸ்ஸே போதும் என்பது முடிவானால், பெரியார் நிலையத்துக்கும் கோரிப்பாளையத்துக்கும் நடுவே தடம் எந்த வீதியில் எத்தனை மீட்டரில் போகும் என்று வரைந்து காட்ட வேண்டும். வரைய முடியவில்லை என்றால், அந்த மூன்று கிலோமீட்டருக்குப் பஸ் போதும் என்று சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும்.

அந்த அறிக்கைக்குக் காத்திருக்காமல், பசுமலை–பழங்காநத்தம் சாலையிலும் மாட்டுத்தாவணி–உயர் நீதிமன்றம் சாலையிலும் காலை எட்டு முதல் பத்து வரையும், மாலை ஐந்து முதல் ஏழரை வரையும் ஒரு வரிசையைப் பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள். பெயிண்டும் தடுப்புக் கூம்பும் சில காவலர்களும் போதும். மூன்று மாதம் நடத்தி, கிடைத்த நேரத்தை வெளியிடுங்கள். பயனில்லை என்றால் எடுத்துவிடலாம், நான் குறை சொல்ல மாட்டேன்.

திருமங்கலத்திலிருந்து மதுரை சந்திப்புக்குக் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் இரண்டு ரயிலும், மாலையில் திரும்ப இரண்டு ரயிலும் விட முடியுமா என்று ரயில்வேக்கு எழுதுங்கள். முடியாது என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் காரணத்தோடு வெளியிடுங்கள்.

இந்த வழித்தடத்தில் நாளை எது ஓடினாலும், இன்று நகரப் பஸ்ஸில் பெண்களுக்கு இருக்கும் சலுகை அதிலும் தொடரும், அல்லது அதே சாலையில் இலவசப் பஸ்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் வசதி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. மதுரைக்கு அதை முதல் நாளிலிருந்தே வைத்துத் திட்டமிடுங்கள், பிறகு ஒட்டுப் போடாதீர்கள்.

இந்த வழித்தடத்தில் கட்டும் மேம்பாலங்கள், நாளைய தடத்துக்கும் சுரங்கத்துக்கும் இடம் விட்டிருக்கின்றனவா என்று ஒரு பொறியாளர் கையெழுத்திட்டுச் சொல்லட்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலைநாள் காலை பதினொரு மணிக்கு ஏதோ ஒரு மண்டபத்தில் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமை மாலை பெரியார் நிலையத்திலேயே வையுங்கள். நாட்குறிப்போடு வருகிறேன்.

சிம்மக்கல் நிறுத்தத்தில் ஆட்டோக்களைத் தள்ளி நிறுத்துவதையும், பஸ் படியின் மட்டத்துக்கு ஒரு மேடை போடுவதையும் மட்டும் மேலே சொன்ன எதோடும் சேர்க்காதீர்கள். அதற்கு ஒப்பீடும் வேண்டாம், அறிக்கையும் வேண்டாம். எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருநகரிலிருந்து ஒரு தட்டச்சர்